வெண்கற்களின் நடுவே ஒரு வீரர் – மெட்கர் எவர்ஸ் வாழ்க்கை வரலாறு



போர்க்களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரும் பீடும் பொறித்து, மாலை சூட்டி வணங்குவது நம் முன்னோர் கண்ட மரபு. அக்கல்லை அவர்கள் நடுகல் என்றனர். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் அதனை வாழ்த்தி வழிபடுவது வரை அதற்குரிய முறைகளைத் தொல்காப்பியர் வகுத்துரைத்துள்ளார். தமிழகத்தின் தருமபுரி, திருவண்ணாமலை வட்டாரங்களில் இன்றும் நடுகற்கள் பல நின்று, பெயர் மறந்த வீரர்களை நமக்கு நினைவூட்டுகின்றன.

நாம் குடியேறி வாழும் இந்த அமெரிக்க நாட்டிலும் ஒரு பெரிய நடுகற் காடு உண்டு. தலைநகர் வாஷிங்டனுக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில், வர்ஜீனியா மாநிலத்தில் அமைந்துள்ள ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டமே அது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864ஆம் ஆண்டில், தென்னகப் படைத்தலைவர் ராபர்ட் லீயின் குடும்ப நிலத்தில் அது தோற்றுவிக்கப்பட்டது. நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அங்குத் துயில்கின்றனர். குன்றுகளின் மேலும் சரிவுகளிலும், ஒரே அளவும் ஒரே நிறமும் கொண்ட வெண்கற்கள் வரிசை வரிசையாக நிற்கும் காட்சி காண்போர் நெஞ்சை உருக்கும்.

சுற்றுலா செல்வோர் பெரும்பாலும் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியின் கல்லறையையும், அங்கு எரியும் அணையா விளக்கையும் கண்டு திரும்புவர். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ், உச்ச நீதிமன்ற நீதிபதி தர்குட் மார்ஷல், வடதுருவப் பயணி மாத்யூ ஹென்சன் ஆகியோரும் அங்கேதான் உறங்குகின்றனர். அதே தோட்டத்தின் 36ஆம் பிரிவில், மற்ற கற்களினின்று சிறிதும் வேறுபடாத ஒரு கல்லின் கீழ் மெட்கர் எவர்ஸ் என்னும் வீரர் துயில்கிறார். அவர் போர்க்களம் கண்டவர். ஆயினும் அவர் சுடப்பட்டு வீழ்ந்தது அயல்நாட்டுப் போர்க்களத்தில் அன்று. தம் சொந்த வீட்டு வாசலில். அவரது வாழ்வை நம் மாணவர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும் என்னும் விழைவால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பிறப்பும் இளமையும்

மிசிசிப்பி மாநிலத்தின் டெகேட்டர் என்னும் சிற்றூரில், 1925ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள் மெட்கர் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மர அறுவை ஆலையில் கூலி வேலை செய்துகொண்டே சிறு நிலம் ஒன்றையும் உழுது வந்தார். தாயார் ஜெஸ்ஸி பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்தும் தேய்த்தும் கொடுத்துக் குடும்பத்திற்குத் துணை நின்றார். வறுமை இருந்தது, ஆனால் தலை குனிவு இல்லை. வெள்ளையர் எதிரே வந்தால் கறுப்பினத்தவர் நடைபாதையை விட்டு இறங்கி வழிவிட வேண்டும் என்பது அக்காலத்து எழுதாச் சட்டம். ஜேம்ஸ் எவர்ஸ் அவ்வாறு இறங்கியவர் அல்லர். தந்தையின் அந்த நிமிர்ந்த நடையைப் பார்த்தே மெட்கரும் அவர் அண்ணன் சார்லஸும் வளர்ந்தனர்.

அக்காலத்தில் பள்ளி, உணவகம், குடிநீர்க் குழாய், பேருந்து இருக்கை, மருத்துவமனை என அனைத்திலும் வெள்ளையர்க்கு ஓரிடம், கறுப்பினத்தவர்க்கு வேறோர் இடம் எனப் பிரிக்கப்பட்டிருந்தது. உயர்நிலைப் பள்ளிக்கு மெட்கர் நாள்தோறும் பல கல் தொலைவு நடந்தே சென்று வந்தார். வெள்ளைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பேருந்து அவரைக் கடந்து செல்லும்.

அவர் சிறுவராயிருந்தபோது நிகழ்ந்த ஒரு கொடுமை அவர் மனத்தினின்று என்றும் அகலவில்லை. தந்தையின் நண்பர் ஒருவர், வெள்ளைப் பெண் ஒருத்தியை மதியாது நடந்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, ஒரு கும்பலால் இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. குருதி தோய்ந்த அவருடைய ஆடைகள் நெடுநாள் அவ்வயல் வேலியிலேயே கிடந்தன. அவ்வழியே செல்லும்போதெல்லாம் சிறுவன் மெட்கர் அவற்றைக் கண்டான். ஊரார் எவரும் அது குறித்து வாய் திறக்கவில்லை. கொலையினும் கொடிதாக அந்த மௌனம் அவனை வருத்தியது.

போர்க்களமும் வாக்குச் சாவடியும்

இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த 1943ஆம் ஆண்டில், பள்ளிப் படிப்பை இடையில் விட்டு மெட்கர் படையில் சேர்ந்தார். அமெரிக்கப் படையும் அன்று நிறத்தால் பிரிந்தே கிடந்தது. கறுப்பின வீரர்கள் தனிப் பிரிவுகளில் வைக்கப்பட்டனர். இங்கிலாந்திலும், நார்மண்டித் தரையிறக்கத்திற்குப்பின் பிரான்சிலும் அவர் பணியாற்றினார். கப்பல்களில் வந்த படைக்கலன்களையும் உணவுப் பொருள்களையும் இறக்கிப் போர்முனைக்கு அனுப்பும் கடும் பணி அவர் பிரிவினுடையது. பிரான்சு நாட்டு மக்களுள் பலர் தம்மை மனிதராக மதித்து நடத்தியது அந்த இளைஞருக்குப் புதுமையாக இருந்தது. நிற வேறுபாடு என்பது இயற்கை வகுத்ததன்று, மனிதர் வகுத்ததே என்னும் தெளிவு அங்கே அவருக்குப் பிறந்தது.

1946ஆம் ஆண்டில் நற்சான்றுடன் படையிலிருந்து விடுபட்டு ஊர் திரும்பினார். அவ்வாண்டு ஜூலை 2ஆம் நாள் மாநிலத்தில் தேர்தல். அன்று அவருக்கு 21ஆம் பிறந்தநாளும்கூட. வாக்களிக்கும் அகவை வந்துவிட்டது. அண்ணன் சார்லஸுடனும் போரிலிருந்து மீண்ட நண்பர்கள் சிலருடனும் டெகேட்டர் நீதிமன்றக் கட்டடத்திற்கு வாக்களிக்கச் சென்றார். அங்கே ஏறத்தாழ இருபது வெள்ளையர் படைக்கலன்களோடு வழி மறித்து நின்றனர். அவர்களுள் சிலர் சிறு வயது முதல் அவருக்கு அறிமுகமானவர்கள். நாட்டிற்காகக் கடல் கடந்து போரிட்ட இளைஞர்கள் வாக்குச் சீட்டைத் தொடவும் இயலாமல் வீடு திரும்பினர்.

மாணவர்களே! இட்லரின் கொடுங்கோன்மையை வீழ்த்தப் புறப்பட்ட படையில் பணிபுரிந்தவர், தம் ஊரில் ஒரு வாக்கு அளிக்க முடியவில்லை. இம்முரண்பாட்டை எண்ணிப் பாருங்கள். மெட்கர் எண்ணினார். எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அதனைக் களைவதற்கே அளித்தார்.

கல்வியும் இல்வாழ்வும்

விட்ட படிப்பை அவர் மீண்டும் தொடர்ந்தார். கறுப்பினத்தவர்க்கென 1871இல் நிறுவப்பெற்ற ஆல்கார்ன் கல்லூரியில் சேர்ந்து வணிக மேலாண்மை பயின்றார். படிப்போடு கால்பந்து, ஓட்டப் பந்தயம், சொற்போர், இசைக்குழு, மாணவர் இதழ் எனப் பல துறைகளிலும் முன்நின்றார். அக்கல்லூரியில்தான் விக்ஸ்பர்க் நகரத்துப் பெண்ணான மர்லியைச் சந்தித்தார். 1951ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். மறு ஆண்டு மெட்கர் பட்டம் பெற்றார்.

பின்னர், கறுப்பின மக்களே நிறுவி வாழ்ந்த மவுண்டு பேயூ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து காப்பீட்டு முகவரானார். காப்பீட்டுத் தொகை வசூலிக்க அவர் பருத்தி வயல்களிடையே குடிசை குடிசையாகச் சென்றார். வாரக் குத்தகைக்கு உழைத்து, ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது நிலக்கிழாருக்குக் கடன்பட்டே நின்ற குடும்பங்களைக் கண்டார். காலணி இல்லாக் குழந்தைகளையும், எழுத்தறியா முதியோரையும், நோய்க்கு மருந்தின்றி மடிந்தோரையும் கண்டார். இத்தகையோர்க்குக் காப்பீடு விற்பதைவிட, உரிமை பெற்றுத் தருவதே தம் பணி என அவர் உள்ளம் கூறியது.

அக்காலத்தில் பெட்ரோல் நிலையங்கள் கறுப்பினத்தவரின் பணத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் அவர்களைக் கழிப்பறையைப் பயன்படுத்த விடா. கழிப்பறை மறுக்கும் நிலையத்தில் பெட்ரோல் வாங்காதீர்கள் என்னும் அறப்போரை அப்பகுதித் தலைவர் மருத்துவர் ஹோவர்டு தொடங்கினார். மெட்கர் அதில் முனைந்து ஈடுபட்டு, அம்முழக்கத்தைத் தாங்கிய ஒட்டுத்தாள்களை வண்டிகளில் ஒட்டச் செய்தார். எளிய மக்கள் ஒன்றுபட்டால் வணிகரும் பணிவர் என்னும் பாடத்தை அவர் கற்றது இங்கேதான்.

1954ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் சேர அவர் விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் எவரும் அதுவரை அப்பல்கலைக்கழகத்தில் சேர்க்கப்பட்டதில்லை. அதே ஆண்டு மே 17ஆம் நாள், பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டத்திற்கு மாறானது என நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பரிந்துரைக் கடிதங்களில் குறை இருப்பதாகக் கூறி அவர் விண்ணப்பம் தள்ளப்பட்டது.

மக்கள் பணி

ஒரு கதவு அடைபட, மற்றொரு கதவு திறந்தது. 1909ஆம் ஆண்டு முதல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிவந்த, வண்ண மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம், மிசிசிப்பி மாநிலத்திற்கெனத் தன் முதற் களச் செயலாளராக அவரை 1954ஆம் ஆண்டின் இறுதியில் அமர்த்தியது. தலைநகர் ஜாக்சனில் அலுவலகம் திறக்கப்பட்டது. மர்லி அம்மையார் அவருடைய செயலராகப் பணியாற்றினார். கணவனும் மனைவியுமாயினும் அலுவலகத்தில் திருவாளர் எவர்ஸ், திருமதி எவர்ஸ் என்றே ஒருவரையொருவர் விளித்துக்கொண்டனர். கறுப்பினத்தவரைப் பெயர் சொல்லியும் சிறுவரை அழைப்பதுபோல் அழைத்தும் இழிவுபடுத்திய அம்மாநிலத்தில், அந்த மரியாதைச் சொல்லும் ஓர் உரிமைக் குரலாகவே இருந்தது.

அப்பணி எத்தகையது? மக்களை வாக்காளராகப் பதிவு செய்விப்பது முதற் கடமை. மிசிசிப்பி மக்கள் தொகையில் ஐந்தில் இருவருக்கு மேல் கறுப்பினத்தவர். ஆயினும் அவர்களுள் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. வாக்களிக்க வரி கட்ட வேண்டும். மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்து, பதிவு அலுவலர் மனம் நிறைவடையும்வண்ணம் விளக்கமும் எழுத வேண்டும். எப்படி எழுதினும் அவர் மனம் நிறைவடையாது. துணிந்து பெயர் பதிவு செய்தவர் வேலையை இழப்பார். வங்கிக் கடனை இழப்பார். சில வேளைகளில் உயிரையே இழப்பார்.

இரண்டாவது கடமை, கொலைகளையும் கொடுமைகளையும் நேரில் சென்று விசாரித்து உலகறியச் செய்வது. சிறுவனாயிருந்தபோது எந்த மௌனத்தைக் கண்டு வெதும்பினாரோ, அந்த மௌனத்தை உடைப்பதையே அவர் தொழிலாகக் கொண்டார். 1955ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டிற்கு விடுமுறைக்கு வந்திருந்த எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன் கொடூரமாகக் கொலை செய்யப்பட்டான். மெட்கர் பருத்தி வயற் கூலியாளரைப் போல உடை தரித்து ஊர் ஊராகச் சென்று சாட்சிகளைத் தேடினார். முன்வந்தோர்க்குத் துணை நின்றார். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரிக் குழு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குற்றவாளிகளை விடுவித்தது. நீதி கிடைக்கவில்லை; ஆயினும் நாடே அக்கொடுமையை அறிந்தது.

தமக்கு மறுக்கப்பட்ட பல்கலைக்கழகக் கதவைப் பிறருக்குத் திறக்கவும் அவர் உழைத்தார். ஜேம்ஸ் மெரிடித் என்னும் இளைஞர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பியபோது, அவருக்கு வழிகாட்டி, சங்கத்தின் வழக்கறிஞர்களிடம் செல்லும்படி ஆற்றுப்படுத்தியவர் மெட்கரே. நீண்ட வழக்கிற்குப் பிறகு, இருவர் உயிரைப் பறித்த கலவரத்தின் நடுவே, 1962ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் மெரிடித் அங்குச் சேர்ந்தார். தாம் நுழைய முடியாத வாயிலில் மற்றொருவர் நுழைவதைக் கண்டு மகிழும் பெருந்தன்மை எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

அச்சம் சூழ்ந்த இல்லம்

மெட்கர், மர்லி இணையருக்கு மூன்று குழந்தைகள். கென்ய நாட்டு விடுதலைத் தலைவர் கென்யாட்டாவின் பெயரையும் இணைத்து மூத்த மகனுக்கு டேரல் கென்யாட்டா எனப் பெயரிட்டனர். அடுத்தவள் ரீனா என்னும் மகள். இளையவன் வேன்.

1956ஆம் ஆண்டில் அவர்கள் குடிபுகுந்த வீடு, அத்தெருவின் மற்ற வீடுகளினின்று ஒரு வகையில் வேறுபட்டது. அதற்குத் தெருவை நோக்கிய வாசற்கதவு இல்லை. காரை நிறுத்தும் கூரையின் கீழ், பக்கவாட்டிலேயே வாயில் அமைக்கப்பட்டது. குழந்தைகள் அறையின் சன்னல்கள் உயரத்தில் வைக்கப்பட்டன. அவர்கள் படுக்கை தரையோடு தரையாக இடப்பட்டது. ஏன் தெரியுமா? வெளியிலிருந்து சுடப்படும் குண்டு உறங்கும் பிள்ளைகள்மேல் பாயாதிருக்கவே. வெடி ஓசை கேட்டால் உடனே தரையில் படுத்து, தவழ்ந்து குளியலறைக்குச் சென்று தொட்டிக்குள் பதுங்க வேண்டும் என்று தந்தை பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்திருந்தார். தொலைபேசியில் இரவும் பகலும் மிரட்டல்கள் வந்தன. மர்லி அம்மையார் கலங்கினார். வேறு மாநிலத்திற்குச் சென்றுவிடலாம் என எண்ணிய நாள்களும் உண்டு. மிசிசிப்பி தம் தாய்மண். அதனை விட்டு ஓடாமல் அதனைத் திருத்துவதே தம் கடன் என்பதில் மெட்கர் உறுதியாக இருந்தார்.

1963ஆம் ஆண்டு

அவ்வாண்டு இளவேனிலில் ஜாக்சன் நகரில் அறப்போர் முற்றியது. கறுப்பினத்தவரை மதியாத கடைகளில் பொருள் வாங்குவதில்லை என மக்கள் உறுதி பூண்டனர். நகரில் இனச்சிக்கல் ஏதும் இல்லை, வெளியாரே குழப்பம் விளைக்கின்றனர் என்னும் பொருள்பட நகரத் தலைவர் தொலைக்காட்சியில் பேசினார். அதற்கு மறுமொழி கூறத் தமக்கும் நேரம் வேண்டும் என மெட்கர் வாதாடிப் பெற்றார். மே 20ஆம் நாள் 17 நிமிடம் அவர் உரையாற்றினார். தாம் வெளியார் அல்லர் என்பதையும், போரில் பணிபுரிந்த மிசிசிப்பி மண்ணின் மைந்தர் என்பதையும் எடுத்துரைத்தார். ஆப்பிரிக்காவில் புதிதாய் விடுதலை பெற்ற நாடுகளில் கறுப்பர் ஆட்சி புரிகையில், ஜாக்சனில் கறுப்பர் ஒருவர் நகராட்சியின் குப்பை வண்டியை ஓட்டும் பணிகூடப் பெற இயலாத நிலையைச் சுட்டிக் காட்டினார். சினமின்றி, சான்றுகளோடு அமைதியாகப் பேசினார். அம்மாநிலத் தொலைக்காட்சியில் கறுப்பினத் தலைவர் ஒருவர் அவ்வாறு பேசியதைப் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர். அவர் முகத்தை அனைவரும் அறிந்துகொண்டனர், பகைவரும் அறிந்துகொண்டனர்.

மே 28ஆம் நாள், கல்லூரி மாணவர்கள் சிலர் நகரக் கடையொன்றின் உணவு மேடையில் அமைதியாக அமர்ந்தனர். கூடியிருந்த கும்பல் அவர்களை அடித்தும், தலையில் சர்க்கரையும் கடுகுக் குழம்பும் தக்காளிச் சாறும் கொட்டியும் இழிவு செய்தது. மாணவர் ஒருவரும் திருப்பி அடிக்கவில்லை. அடுத்து வந்த நாள்களில் நூற்றுக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் சென்று சிறைப்பட்டனர். மெட்கரின் வீட்டின்மேல் பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. மர்லி அம்மையார் தாமே தோட்டத்துக் குழாய் நீரால் அத்தீயை அணைத்தார்.

அந்த நள்ளிரவு

ஜூன் 11ஆம் நாள் மாலை, குடியரசுத் தலைவர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, குடியுரிமைச் சட்டம் கொண்டுவரப் போவதாக நாட்டு மக்களுக்கு அறிவித்தார். அதனை அறநெறி சார்ந்த சிக்கலாகவே அவர் எடுத்துரைத்தார். மர்லி அம்மையாரும் குழந்தைகளும் வீட்டில் அமர்ந்து அவ்வுரையைக் கேட்டு மகிழ்ந்தனர். தந்தை வந்ததும் அவரோடு அம்மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளப் பிள்ளைகள் உறங்காமல் விழித்திருந்தனர்.

தேவாலயத்தில் நடந்த கூட்டத்தை முடித்துக்கொண்டு, நள்ளிரவு கடந்து மெட்கர் வீடு வந்தார். அறப்போரில் அணிவதற்கான சட்டைகளைக் கையில் ஏந்திக் காரை விட்டு இறங்கினார். எதிர்ப்புறப் புதரில் பதுங்கியிருந்தவன் சுட்டான். குண்டு முதுகில் பாய்ந்து மார்பைத் துளைத்து, சன்னலையும் சுவரையும் ஊடுருவிச் சமையலறை வரை சென்றது. வெடி ஓசை கேட்டதும், பயின்றவாறே பிள்ளைகள் தரையில் வீழ்ந்தனர். மர்லி அம்மையார் கதவைத் திறந்தபோது, கையில் சாவியோடு, படிக்கட்டு வரை தவழ்ந்து வந்து கிடந்தார் கணவர். தந்தையை எழுந்திருக்குமாறு பிள்ளைகள் கதறினர். அண்டை வீட்டார் அவரை மெத்தையோடு தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். ஒரு மணி நேரத்திற்குள் அவர் உயிர் பிரிந்தது. முப்பத்தெட்டாம் பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரமே இருந்தது.

ஆர்லிங்டனில் அடக்கம்

ஜாக்சனில் ஆயிரக்கணக்கானோர் இறுதி ஊர்வலத்தில் நடந்தனர். பின்னர் அவர் உடல் புகைவண்டியில் வாஷிங்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. ஆர்லிங்டனிலும் 1948 வரை கறுப்பின வீரர்க்குத் தனி இடமே ஒதுக்கப்பட்டு வந்தது. அப்பிரிவினை நீங்கிப் பதினைந்து ஆண்டு கழிந்த பின்னர், 1963ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், முழுப் படை மரியாதையுடன் மெட்கர் எவர்ஸ் அங்கு அடக்கம் செய்யப்பட்டார். மூவாயிரத்திற்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். பேழையைப் போர்த்தியிருந்த நாட்டுக் கொடி முறைப்படி மடிக்கப்பட்டு மர்லி அம்மையாரிடம் அளிக்கப்பட்டது. பிறந்தநாளன்று வாக்குச் சாவடியிலிருந்து துரத்தப்பட்டவருக்கு, அவர் பணிபுரிந்த நாடு அன்று தலை தாழ்த்தியது.

அடக்கம் நிகழ்ந்த அதே நாளில், கென்னடி தம் குடியுரிமைச் சட்ட முன்வரைவை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார். ஐந்து திங்கள் கழித்து, அவரும் சுடப்பட்டு மாண்டு, அதே தோட்டத்திற்கு வந்து சேர்ந்தார். அச்சட்டம் 1964ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் நிறைவேறியது. அது மெட்கர் பிறந்த நாள்.

முப்பது ஆண்டு நீண்ட வழக்கு

கொலை நிகழ்ந்த இடத்தருகே புதரில் துப்பாக்கி கிடைத்தது. அதில் இருந்த விரல் ரேகை பைரன் டி லா பெக்வித் என்பவனுடையது. 1964ஆம் ஆண்டில் இரு முறை விசாரணை நடந்தது. இரு முறையும் ஜூரிக் குழுவில் இருந்தோர் அனைவரும் வெள்ளையரே. இரு முறையும் அவர்களிடையே ஒருமித்த முடிவு ஏற்படாமையால் அவன் வெளியே வந்தான். முன்னாள் ஆளுநர் ஒருவர் நீதிமன்றத்திற்கே வந்து அவனுடன் கைகுலுக்கினார்.

மர்லி அம்மையார் மூன்று குழந்தைகளுடன் கலிபோர்னியாவிற்குக் குடிபெயர்ந்தார். மீண்டும் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். ஆனால் வழக்கை அவர் மறக்கவில்லை. 1989ஆம் ஆண்டில், இரண்டாம் விசாரணையின்போது மாநில அரசின் ஆணையம் ஒன்றே ஜூரிகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டிக் குற்றவாளித் தரப்புக்கு மறைவாக உதவியது என்னும் உண்மையை ஜாக்சன் நாளிதழ் வெளியிட்டது. வழக்கை மீண்டும் நடத்த வேண்டும் என்று அம்மையார் கோரினார். பழைய நீதிமன்ற ஏடுகளைக் காணவில்லை. அப்போது அம்மையார், தாம் அத்தனை ஆண்டுகளாகப் பேணி வைத்திருந்த முதல் விசாரணையின் பதிவைக் கொணர்ந்து கொடுத்தார். வழக்கு உயிர் பெற்றது அந்தத் தாள்களால்தான்.

புதிய உடற்கூற்றாய்வுக்காக 1991ஆம் ஆண்டில் ஆர்லிங்டன் கல்லறை திறக்கப்பட்டது. இருபத்தெட்டு ஆண்டுக்குப் பின்னும் உடல் பெரிதும் சிதையாமல் இருந்தது. தந்தை இறந்தபோது மூன்று வயதுக் குழந்தையாயிருந்த இளைய மகன் வேன், வளர்ந்த இளைஞராக அங்குச் சென்றிருந்தார். நினைவில் இல்லாத தந்தையின் முகத்தை அவர் அன்று கண்டார்.

1994ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், கறுப்பினத்தவர் எண்மரும் வெள்ளையர் நால்வரும் அமர்ந்த ஜூரிக் குழு பெக்வித்தைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. வாழ்நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டில் அவன் தண்டனைக் காலத்திலேயே மடிந்தான். மர்லி அம்மையார் 1995இல், கணவர் உழைத்த அதே சங்கத்தின் தேசியத் தலைவர் பொறுப்பை ஏற்றார்.

விதைத்தவை விளைந்தன

1965ஆம் ஆண்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. இரண்டே ஆண்டில், 1967இல், மிசிசிப்பிக் கறுப்பின மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் வாக்காளராயினர். நியூயார்க்கின் புரூக்ளினில் அவர் பெயரால் ஒரு கல்லூரி எழுந்தது. அவரைச் சட்டக் கல்லூரியில் சேர்க்க மறுத்த அதே மாநிலத்தின் தலைநகர் விமான நிலையத்திற்கு 2004இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2011இல் கடற்படைச் சரக்குக் கப்பல் ஒன்று அவர் பெயர் தாங்கிற்று. அவர் சுடப்பட்ட வீடு தேசிய நினைவிடமாயிற்று. 2024ஆம் ஆண்டில் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான விடுதலைப் பதக்கம் அவர் மறைவுக்குப்பின் அவருக்கு அளிக்கப்பட்டது.

பெற்றோர்களே! இவ்வரலாற்றுக்கும் நமக்கும் தொடர்பு என்ன என்று வினவலாம். முன்னர் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு பேர் என்னும் அளவே இந்நாட்டில் குடியேற ஒதுக்கப்பட்டிருந்தது. குடியுரிமைச் சட்டத்தையும் வாக்குரிமைச் சட்டத்தையும் ஈன்ற அதே எழுச்சிக் காலத்தில்தான், 1965இல், பிறந்த நாட்டைக் கொண்டு மக்களை ஏற்றும் தள்ளியும் வந்த பழைய குடியேற்ற முறை நீக்கப்பட்டது. அதன்பின்னரே நம்மவர் பெருமளவில் இங்கு வரலாயினர். நம் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் சேர்ந்து படிப்பதும், எந்த உணவகத்திலும் அமர்ந்து உண்பதும், குடியுரிமை பெற்றோர் தடையின்றி வாக்களிப்பதும் நாம் உழைத்துப் பெற்ற உரிமைகள் அல்ல. நாம் வருமுன்னரே பிறர் குருதி சிந்திப் பெற்று வைத்தவை அவை. அந்த நன்றியை மறவாதிருத்தல் நம் கடன்.

மாணவச் செல்வங்களே! இவர் வாழ்விலிருந்து நீங்கள் கொள்ளத்தக்கவை பல. கண்ட கொடுமையைக் கண்டதாகச் சொல்லும் துணிவு ஒன்று. சினத்தை அடக்கிச் சான்றோடு பேசும் நிதானம் மற்றொன்று. மர்லி அம்மையார் முப்பதாண்டு ஏடுகளைக் காத்ததுபோல், உங்கள் குடும்பத்தின் கடிதங்களையும் ஆவணங்களையும் பெரியோர் கூறும் வரலாற்றையும் காத்து வைத்தல் இன்னொன்று. ஒரு காலத்தில் நீதி அவற்றைத் தேடி வரக்கூடும்.

அடுத்த முறை வாஷிங்டன் செல்லும்போது, கென்னடியின் அணையா விளக்கைக் கண்டு வணங்கிய பின், 36ஆம் பிரிவிற்கும் நடந்து செல்லுங்கள். வெண்கற்களின் நடுவே மெட்கர் எவர்ஸ் என்னும் பெயரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். நம் முன்னோர் நடுகல்லின் முன் நின்றதுபோலச் சற்று நேரம் அமைதியாக நின்று வாருங்கள்.

வாழ்க அவர் புகழ்! வளர்க மனித நேயம்!